ஆறு தோளுக்கு ஒரு சால்வை

மாதேஸ்வரனுக்கு விருது கிடைத்தது அவருடைய தொண்டுக்காக என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் அது அவர் வீட்டு வாசலில் மட்டும் கிடைக்கும் செல்போன் சிக்னலுக்குக் கிடைத்த விருது.

மலைமேல் திருப்புலி நாட்டில் இருக்கும் அவருடைய ஊருக்கு இன்னும் ரோடு இல்லை. ஜீப் நிற்கும் இடத்துக்கு மூன்று கிலோமீட்டர் இறங்க வேண்டும். யாருக்காவது முடியாமல் போனால் போர்வையை மூங்கிலில் தூளியாகக் கட்டி, ஆறு ஆண்கள் மாற்றி மாற்றித் தூக்கிப் போவார்கள். பதினோரு வருசமாக அதே ஆறு பேர்தான். மிளகு பறிக்கும் நாளானாலும் போட்டது போட்டபடி வந்து நிற்பார்கள். இறக்கத்தில் நெட்டையர்கள் முன்னால், குட்டையர்கள் பின்னால் பிடித்தால்தான் தூளி சாயாது. மாதேஸ்வரன் குட்டை. அவருக்கு எப்போதும் பின்பக்கம்தான்.

ஜீப் அனுப்பும் அடிவாரத்துச் சங்கத்தார் எதற்கும் அவர் நம்பருக்குத்தான் பேசுவார்கள். அதனால் அவர்களைப் பொறுத்தவரை தூக்குகிறவர் ஒரே ஆள். மேடைக்குக் கூப்பிட்டு சால்வை போர்த்தி, 'தனி ஒருவராக' என்று மைக்கில் வேறு சொல்லிவிட்டார்கள். மற்ற ஐந்து பேரின் பெயரையும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்திருந்தார் மனுசன். மைக்கைக் கையில் கொடுத்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு கும்பிடு போட்டு இறங்கிவிட்டார்.

ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவரை அரித்தது. மச்சான் காளியண்ணன், அந்த ஆறு பேரில் நெட்டையானவர், எதிரே வந்தபோதுகூட தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. இனிமேல் கூப்பிட்டால் வருவார்களா என்ற நினைப்பில், தட்டில் போட்ட சோற்றை அப்படியே தள்ளி வைத்தார்.

நாலாம் நாள் காலையில் ஊர்க்கோடி வீட்டுப் பாப்பாயி ஆள் அனுப்பினாள். மருமகள் கோகிலாவுக்கு வலி எடுத்துவிட்டது, தலைச்சன் பிரசவம். மாதேஸ்வரன் ஜீப்புக்குச் சொல்லிவிட்டு, வழக்கம்போலப் பாறைமேல் ஏறிக் கூவினார். பதில் கூவல் வரவில்லை. மறுபடி கூவினார். தோட்டங்கள் எல்லாம் கம்மென்று கிடந்தன. அவ்வளவுதான், ஒரு சால்வைக்காக ஒரு உசிரைப் பணயம் வைத்துவிட்டோம் என்று தன்னையே வைதுகொண்டு பாப்பாயி வீட்டுக்கு ஓடினார்.

அங்கே தூளி கட்டி, கோகிலாவைப் படுக்க வைத்து, ஐந்து பேரும் நின்றிருந்தார்கள். பேச நேரமில்லை. மாதேஸ்வரன் பின்பக்கம் தோளைக் கொடுத்தார். மழைக்கு வழுக்கிய பாதையில் காலைப் பார்த்துப் பார்த்து ஊன்றி இறங்கினார்கள். கீழே ஜீப்பில் ஏற்றி வண்டியைக் கிளப்பும் முன்பே, அதில் வந்திருந்த நர்ஸம்மா கையிலேயே குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அது வீறிட்டு அழுததைக் கேட்டபின்தான் ஆறு பேரும் பீடியைத் தேடினார்கள்.

ஏறி வரும்போது மாதேஸ்வரன் மெல்ல ஆரம்பித்தார்.

"மச்சான், மேடையில உங்க எல்லார் பேரையும் சொல்லோணும்னுதான் போனேனுங்க. வாய் வரலீங்க."

"அதைய உடுங்க மாப்ள," என்றார் காளியண்ணன். "கோகிலாவுக்கு வலின்னு காதுல உழுந்ததும், நீங்க கூப்புடறதுக்கு முன்னாலயே நாங்க எதுக்கு ஓடியாந்தோம்? சால்வை போத்துன ஆளு இனிமேப்பட்டு தோள் குடுப்பாரோ மாட்டாரோன்னு நாலு நாளாப் பயமுங்க. கேக்கவும் கூச்சம். நீங்க வரலைன்னா பின்னால புடிக்க அந்த உசரத்துக்கு வேற ஆள் ஏதுங்க?"

மாதேஸ்வரன் அப்படியே வழியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் யாரை நினைத்துப் பயந்து சாப்பிடாமல் கிடந்தாரோ, அவர்கள் அவரை நினைத்துப் பயந்து கிடந்திருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டில் சாமைச் சோற்றை மூன்றாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றார்.