ஆயிரத்து இருநூறு மைக்ரோமீட்டர்

நோர்வேயின் புருசெத்தில் குடியிருக்கும் தக்ஷாயினிக்குப் பதினெட்டு வருடமாகக் கண்ணாடி வில்லைகளுக்குப் பூச்சு ஏற்றுவதுதான் வேலை. மைக்ரோமீட்டரை ஆயிரத்தால் பெருக்கி நானோமீட்டர் சொல்ல அவளுக்குக் கண் இமைக்கும் நேரம் போதும்.

அன்று காலை, கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்திருந்த பொறியாளர் மீரா அளவுத்தாளோடு ஓடிவந்தாள்.

"அக்கா, போச்சு! பூச்சு 1,200 மைக்ரோமீட்டர்னு வந்திருக்கு. ஒரு மில்லிமீட்டருக்கும் மேல!"

தன் பூச்சைக் குறை சொன்னதும் தக்ஷாயினிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? தலைமயிரே எழுபது மைக்ரோமீட்டர்தான். இஞ்சை நோர்வேயிலை கமாதான் தசமப்புள்ளி. இது ஒண்டு தசம் ரெண்டு. அப்ப எத்தினை நானோமீட்டர்?"

"ஆயிரத்து இருநூறு... அக்கா! கேட்ட அளவு அப்படியே வந்திருக்கு!"

இருவரும் கைதட்டிக் குதித்தார்கள். சட்டென்று மீராவின் கை அந்தரத்தில் நின்றது.

"போன வாரம் நான்தானே 1,500 வில்லை வேணும்னு ஆர்டர் எழுதி அனுப்பினேன்!"

மேசையில் அன்று வந்த பொதி, தீப்பெட்டி அளவில் கிடந்தது. தக்ஷாயினி பிரித்தாள். இரண்டு வில்லைகள். நல்ல மனிதர்கள், அரை வில்லையை வெட்டி அனுப்பாமல் முழுதாகவே அனுப்பியிருந்தார்கள்.