வண்டிக்குக் காட்டிய தண்ணீர்

உப்புத் தண்ணீரில் குளித்த தலை காய்ந்தால் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சீப்பு பாதியிலேயே நின்றுவிடும், தொட்டால் தேங்காய் நாரைத் தொட்டதுபோல் இருக்கும், எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் மறுநாள் காலையில் மறுபடி அதே பரட்டை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு அருகில், புதுவாயலிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில், எந்த வீட்டில் போர் போட்டாலும் உப்புதான் வந்தது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் நெடுஞ்சாலையைத் தாண்டி மேட்டுத் தெருக் குழாய்க்குக் குடத்தோடு போகவேண்டும். அப்படிச் சுமந்து வந்த தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் போக மிச்சமிருந்தால், அது எங்கள் தலைக்கு வராது. எங்கள் வண்டிக்குப் போகும்.

வண்டி என்றால் ஒரு வெள்ளைப் பிக்கப். எங்களிடம் வரும்போதே பல கை மாறியிருந்தது. அது எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதன் மீட்டர் எப்போதோ ஓர் எண்ணில் நின்றுபோய், நாங்கள் அதை விற்கும்வரை அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. நெல் போட்டுப் போட்டு அலுத்துப்போன நைனா – அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம் – ஏர் மாடு இரண்டையும் கறவை ஒன்றையும் விற்றுவிட்டு அதை வாங்கினார். விடிவதற்குமுன் ஆர்.கே.பேட்டைக்குப் போய்க் கத்தரியும் வெண்டையும் ஏற்றிக்கொண்டு, ஒன்பது மணிக்குள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் இறக்கவேண்டும். அதுதான் எங்கள் பிழைப்பு.

மாடு இருந்தவரை மாட்டைப் பார்த்துக்கொண்டவள் அம்மா. மாடு போய் வண்டி வந்தபோது அந்த வேலை அவள் தலையிலேயே நின்றது, பேச்சும் மாறவில்லை. டீசல் போடுவது அவளுக்குத் "தீனி". எஞ்சினுக்கு அடியில் கைவிட்டு எண்ணெய்க் கசிவு பார்ப்பது "வயித்தத் தடவிப் பாக்கறது". காற்று வடிகட்டியில் தூசி அடைத்து வண்டி ஏற்றத்தில் திணறினால், "அதுக்கு மூச்சு வாங்குது" என்பாள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது. அதற்கு அவள் வைத்திருந்த பெயர் "தண்ணி காட்டறது". தொட்டியில் தண்ணீரைக் காட்டினால் மாடு தானே குடித்துக்கொள்ளுமல்லவா, அந்தக் கணக்கு. பழைய ரேடியேட்டர் எங்கேயோ மெல்லக் கசிந்துகொண்டே இருந்ததால் தினமும் இரண்டு மூன்று சொம்பு கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்ற வீடுகளில் கறிக்குழம்பு மணக்கும். எங்கள் வீட்டில் டீசல் மணக்கும். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆயில் குச்சியை உருவி, கிழிந்த பாவாடைத் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பாள், நறநறவென்றிருந்தால் மாற்றவேண்டும். பேட்டரி முனையில் பூத்திருக்கும் பச்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவுவாள். நைனா சக்கரத்து நட்டுகளை முறுக்கிவிட்டு, அடியிலிருக்கும் வில்பட்டைகளுக்குக் கிரீஸ் அடித்துவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். "புது வண்டின்னா ஓட்டிக்கினே இருக்கலாம், இதுக்கு ஊழியம் பண்ணிக்கினே இருக்கணும்" என்பது அவர் வாராவாரம் சொல்வது. எல்லாம் முடிந்து சாப்பிட உட்காரும்போது பொழுது சாய்ந்திருக்கும். அடுத்த ஞாயிறும் இதேதான் என்ற நினைப்பே எனக்கு அசதியாக இருக்கும். அந்த வண்டியை நான் வெறுத்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம், ஒற்றை வண்டியை நம்பிக் காலம் தள்ள முடியாது என்று அம்மாவும் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் திரும்ப இருட்டிவிடும். நைனா லோடு இறக்கிவிட்டு வந்து செத்தவர்போல் தூங்குவார். ஆகவே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், வண்டிச் சூடு ஆறியிருக்கும் நேரத்தில், குழாயிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து வண்டிக்குத் தண்ணீர் காட்டுவது என் வேலையானது. அம்மா செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்:

"இன்னாடி, வண்டிக்குத் தண்ணி காட்டினியா?"

"காட்டிட்டேம்மா."

இதில் பொய் நுழைந்தது பள்ளி ஆண்டு விழாவின்போது. கோலாட்டத்தில் என்னை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். ஒத்திகையில் பின்னால் நின்ற ஒருத்தி, "இன்னாடி தலை, தொடப்பம் மாதிரி கீது!" என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். அன்று மாலை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியின் முன்னால் நின்றபோது, இந்தத் துருப்பிடித்த சனியனுக்கு நல்ல தண்ணீர், எனக்கு உப்புத் தண்ணீரா என்று பற்றிக்கொண்டு வந்தது. குடத்தைக் குளியலறைக்குக் கொண்டுபோய்ச் சீயக்காய் போட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். வண்டிக்குப் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். அது குடித்தது. ஒன்றும் ஆகவில்லை.

ஒரு நாளோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காய்ந்த தலை தோளில் வழுக்கிக்கொண்டு விழும் சுகத்தை அதற்குமுன் நான் அறிந்ததில்லை. தையிலிருந்து சித்திரைவரை நல்ல தண்ணீர் எனக்கு, உப்புத் தண்ணீர் வண்டிக்கு. தலைக்கு ஊற்றாத நாளிலும் மறுநாளுக்கென்று குடத்தை மூடி வைத்துக்கொண்டேன். அம்மா தினமும் கேட்டாள், நான் தினமும் காட்டிட்டேன் என்றேன். ஒருவரை ஏமாற்றினாலும் நம் பேச்சில் தண்ணி காட்டியதாகத்தானே சொல்கிறோம். அந்த வகையில் நான் சொன்னது முழுப் பொய்யுமல்ல.

அந்தச் சித்திரையில் கேன்டீன் காண்டிராக்டர் நைனாவைக் கூப்பிட்டு, "இன்னொரு தபா லேட்டாச்சின்னா வேற வண்டி பாத்துக்குவேன்" என்று சொல்லியிருந்தார். அதற்கு முந்தின வாரம்தான் பஞ்சர் ஆகித் தாமதமாகியிருந்தது. இனி ஒரு நாள் தவறினாலும் பிழைப்பு போய்விடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதான் ஊற்றிக்கொண்டிருந்தேன். உப்புத் தண்ணீர் வண்டியை என்ன செய்யும் என்பது மட்டும் தெரியாது. நல்ல தண்ணீர் காட்டுவதை நான் அம்மாவின் மாட்டுப் பாசம் என்றே நினைத்திருந்தேன்.

அடுத்த சில நாட்களில் திருவள்ளூர் ஊருக்குள், காலை நெரிசலில், முழு லோடோடு வண்டி கொதித்து நின்றது. நைனா அக்கம்பக்கத்தில் தண்ணீர் வாங்கி ஊற்றி, ஆறவைத்து, பத்தடி ஓட்டி, மறுபடி ஊற்றி, உருட்டாத குறையாகக் கொண்டுவந்து சேர்க்கையில் மதியம். கேன்டீனில் முதல் ஷிப்டு சாப்பிட்டு முடித்திருந்தார்கள். காண்டிராக்டர் சத்தம்கூடப் போடவில்லையாம். வாடிப்போன வெண்டைக்காயை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

புதுவாயலில் எங்கள் மெக்கானிக் அன்வர் பாய் ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது நாங்கள் மூவரும் இருந்தோம். காய்ந்த சுண்ணாம்புபோல் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது. "இன்னாம்மா, வண்டிய கடல்லயா ஓட்னீங்க?" என்றார் பாய். அம்மா குனிந்து ஒரு பொருக்கை எடுத்து நாக்கில் வைத்தாள். துப்பினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் முகத்தையல்ல, என் தலையை. அன்றும் குளித்திருந்தேன். இரட்டைப் பின்னல், நுனிவரை பளபளவென்று.

"யாரு போர் தண்ணி ஊத்தினது?" என்றார் நைனா.

"நான்தான்" என்றாள் அம்மா. "கம்பெனிலேர்ந்து வந்த அசதி. குழாய்க்குப் போவ முடியல."

கொதித்த சூட்டில் எஞ்சின் ஹெட் வளைந்திருந்தது. பாய் ஒப்பேற்றிக் கொடுத்தார், ஆனால் அதன்பின் அந்த வண்டி ஏற்றம் கண்டால் நின்றது. கேன்டீன் வேலை போனது. நைனா வேறொருவர் வேனுக்கு டிரைவராகப் போனார், வேலை முடித்து வந்து யாரோடும் பேசாமல் படுத்துக்கொண்டார். சொல்லிவிடவேண்டும் என்று தினமும் நினைப்பேன், தினமும் பயந்து விட்டுவிடுவேன். முதல் சில மாதம் அவர் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தார். போகப்போகத் திட்டு தேய்ந்து வேடிக்கையாயிற்று. வீட்டுக்கு யார் வந்தாலும், "என் ஊட்டுப் பொம்பளைங்க எனக்கே தண்ணி காட்டினவங்க" என்று ஆரம்பித்து உப்புக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு தட்டில் சோறு போடுவாள். நான் எழுந்து போய்விடுவேன்.

இன்று எங்கள் ஊரிலேயே தெருவுக்குத் தெரு சுத்திகரித்த தண்ணீர் கேனில் வருகிறது. வண்டிக்காரர்கள் பச்சை நிறக் கூலன்ட் ஊற்றி மூடிவிடுகிறார்கள். வண்டிக்குத் தண்ணீர் காட்டினாயா என்று கேட்க ஆளில்லை. அன்வர் பாய் பட்டறை இருந்த இடத்தில் பிரியாணிக் கடை. பிக்கப் எந்தக் காயலான் கடையில் முடிந்ததோ. நைனா போய் இரண்டு வருடமாகிறது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது சொல்லிவிடலாமென்று போன இரண்டு முறையும் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியிருக்கலாம். அந்தத் தூக்கத்தைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

அம்மா இப்போது என்னோடு திருவள்ளூரில் இருக்கிறாள். போன மாதம் ஒரு நாள், ஆபீசிலிருந்து வந்து அலுப்போடு உட்கார்ந்திருந்த என் தலையை அவள் வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடம் கழித்து வாயைத் திறந்தேன். "நைனாகிட்ட நான் உண்மைய சொல்லியிருக்கணும்மா. உன்மேல பழி போட்டுக்கினே போய்ட்டாரு."

சீப்பு நிற்கவில்லை.

"அவருக்குத் தெரியும்டி. பாய் பட்டறையிலயே தெரியும். உன் தலைய நான் மட்டுமா பாத்தேன்?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஊட்டுக்கு வந்து படுத்துக்கினு சொன்னாரு, கொழந்த தலை எவ்ளோ அழகா கீது பாரு, நமக்குத் தோணலியேன்னு. அப்பறம் உன்ன ஒண்ணும் கேக்கவாணாம்னுட்டாரு. என்னத் திட்டினதெல்லாம் உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான்."

'ஊட்டுப் பொம்பளைங்க' என்று அவர் பன்மையில் சொன்னதை, ஏதோ பேச்சுவாக்கு என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். கதை சொல்லும்போதெல்லாம் அவர் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன், முடியவில்லை. அதற்குள் நான் எழுந்து போயிருப்பேன்.