பனைத் தோணியில் ஏரியைக் கடந்த நாள்

1960 ஏப்ரலில் எல்லையைத் திருத்தியபோது, சத்தியவேட்டுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊர் செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்து சித்தூர் ஜில்லாவுக்கு வந்தது. ஏரிக்கு அக்கரையில் என் அக்காவைக் கொடுத்திருந்த ஊர் சென்னை ராஜ்யத்திலேயே தங்கிவிட்டது. நான் சொல்லவருவது அந்த ஆண்டு கார்த்திகையில் நடந்தது. தேதியும் நினைவிருக்கிறது, எழுத மனம் வரவில்லை.

விடாத மழையில் ஏரி நிரம்பி, உபரி நீர் போகும் கலங்கல் வழியே பாய்ந்த தண்ணீர் சாலையை அறுத்துவிட்டிருந்தது. காலையில் அக்கா கணவரின் தம்பி நனைந்தபடி எங்கள் வாசலில் வந்து நின்றார். என் வயதுக்காரர். அக்கா சில வாரங்களாகக் காய்ச்சலில் கிடந்தது எங்களுக்குத் தெரியும்.

"அண்ணிக்கு முடியல. ஒடனே கெளம்பு மச்சான்" என்றார்.

அம்மா தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு ஏரிப் பக்கம் நடந்தார். அம்மா சொம்போடு அப்படியே நின்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன்.

மீன் பிடிப்பவர்களிடம் கேட்டு வாங்கிவந்த பனைத் தோணி கரையில் கிடந்தது. பனைமரத்தைக் குடைந்து செய்தது. ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் காலை நீட்டி உட்காரலாம், அவ்வளவுதான். ஒருவர் தோளைச் சாய்த்தாலும் தண்ணீர் உள்ளே வந்துவிடும். இருவரும் ஒரே வேகத்தில் துடுப்புப் போட வேண்டும். அவர் முன்னால், நான் பின்னால். எனக்கு நீச்சல் தெரியாது.

பயத்தில் பேசிக்கொண்டே போனேன். "இப்ப நீ மெட்ராஸ்காரன், நான் ஆந்திராக்காரன். நடுவுல கவுந்தா எந்த ஊர் போலீஸ் வரும்?"

வழக்கமாக என்னைவிட அதிகம் கிண்டல் செய்கிறவர். அன்று சிரிக்கவில்லை.

"பேசிக்கினு வந்தா துடுப்பு தப்புது மச்சான்."

"அக்கா எதுனா துன்னாளா?"

"நேத்து சாயங்காலம் கஞ்சி குடிச்சாங்க."

"பேச்சு இருக்குதா?"

"நேத்து உன்னைத்தான் கேட்டுக்கினு இருந்தாங்க."

எப்படியாவது ஒரு வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம் என்றேன். "உம்" என்றார்.

ஏரியின் நடுவுக்கு வந்திருப்போம். காற்று திசை மாறி அக்கரையிலிருந்து அடித்தது. பறைச் சத்தம் கேட்டது.

"யாரு வூட்ல?" என்றேன்.

அவருடைய துடுப்பு தண்ணீரைத் தொடாமல் ஒரு கணம் நின்றது.

"கரைக்குப் போய் பேசிக்கலாம். ஆடாம உக்காரு மச்சான்."

அப்போதுதான் விளங்கியது. சாவுச் சேதி கொண்டுவருகிறவர் அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அம்மாவுக்கு வாசலிலேயே தெரிந்திருக்க வேண்டும். நான் கேட்டதற்கெல்லாம் அவர் பொய் சொல்லாமல் நேற்றையதையே சொல்லியிருந்தார்.

எனக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. தோணி ஒரு பக்கம் சரிந்து மடியில் தண்ணீர் ஏறியது. அவர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இருவரும் போயிருப்போம்.

"போடு மச்சான். நான் போட்றப்போ நீயும் போடு" என்றார். குரல் உடைந்திருந்தது.

அவர் முதுகைப் பார்த்தே துடுப்புப் போட்டேன். அந்த முதுகு குலுங்காமல் இருக்க அவர் படும் பாடு பின்னாலிருந்து நன்றாகத் தெரிந்தது. மீதி ஏரி முழுவதும் பறை மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டேன்.

கரை தட்டியதும் கையைப் பிடித்து இறக்கினார். சேற்றைத் தாண்டி, கெட்டியான இடத்தில் நான் இரண்டு காலையும் ஊன்றிய பிறகுதான், "அண்ணி விடியக்காலையே போய்ட்டாங்க" என்றார். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டோம்.

இன்றும் துக்க வீட்டில் யாராவது விழுந்து புரண்டு கதறினால் மற்றவர்கள் தேற்றப் போவார்கள். நான் மட்டும், அசையாத தரை கிடைத்தவர்கள் அழுது தீர்க்கட்டும் என்று ஒதுங்கி நின்றுவிடுகிறேன்.