கல்வாரித் திரையில் ஒரு வள்ளம்

அருளானந்தம் 1948 முதல் ஏசுவின் சிலுவைப்பாட்டை நடிக்கும் தங்கச்சிமடத்துப் பாஸ்கா நாடகத்துக்குப் பின்னணியாகக் கல்வாரி மலைத் திரை எழுதிவந்தார். மற்ற மாதங்களில், மீன்பிடி வள்ளங்களின் முகப்பில் வீட்டுக்கொரு அடையாளம் தீட்டுவது அவர் பிழைப்பு. சீமைப் படங்களைப் பார்த்து எழுதிய கல்வாரியில் இடிந்த கோட்டையும், இத்தீவில் எவரும் கண்டிராத மொட்டை மரங்களும் கருமேகத்தின் கீழ் நிற்கும். ஆனாலும் பெண்கள் பார்த்து அழுதார்கள்.

1965இல் அவருக்குச் சீமைப் படம் தேவைப்படவில்லை. முந்திய மார்கழிப் புயல் தனுஷ்கோடியை மென்று துப்பியிருந்தது. கூரை பிய்ந்த மாதா கோவில், தலை முறிந்த மூன்று பனைகள், முறுக்கிய தண்டவாளம், ஊதிப்போன மாட்டின் கண்ணைக் கொத்தும் காகம், கோவில் சுவரில் மோதி உடைந்த ஒரு வள்ளம். புயலுக்குப் பின் அங்கே போய்க் கண்டதைக் கண்டபடி எழுதினார்.

பெரிய வியாழன் மாலை திரை ஏறியது. முன்வரிசையில் இருந்த லீமாரோஸ் எழுந்து நின்றாள். புயலோடு போன மரியதாஸின் மனைவி. இன்னும் தாலி கழற்றாதவள். அவன் சிலோன் கரையில் ஏறியிருப்பான் என்று அவளுக்குச் சொன்னவரே அருளானந்தம்தான்.

"அண்ணே, அந்த வள்ளத்துல எங்க வீட்டு ரெட்டை மீன் எப்பிடி வந்துச்சு?"

மேடையோரம் நின்ற அருளானந்தம் அடையாளமில்லாத வள்ளமாகத்தான் எழுத நினைத்திருந்தார். பழகிய கை தானாகவே தீட்டிவிட்டது.

"கை தவறிப்போச்சு, தாயி."

"ஒரு வீட்டு அடையாளத்தை இன்னொரு வள்ளத்துல போடமாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணுன கை. அதுவா தவறும்?"

மரியதாஸின் தம்பி சகாயம் மேடைமேல் பாய்ந்து அவர் குரல்வளையைப் பிடித்தான்.

"சொல்லுய்யா! எங்கண்ணனைப் பார்த்தியா?"

சிலுவைக் கட்டையில் அருளானந்தத்தின் முகம் மோதியது. இரண்டு பற்கள் பலகையில் தெறித்தன. லீமாரோஸோ ரோமச் சேவகன் வேடக்காரனிடமிருந்து ஈட்டியைப் பிடுங்கித் திரையைக் கிழித்துக்கொண்டே வந்தாள். மேகம் கிழிந்தது, காகம் கிழிந்தது. வள்ளத்தின் முன்னால் ஈட்டி நின்றது.

"மூணாம் நாள் பார்த்தேன்," என்றார் அருளானந்தம், வாயில் ரத்தத்தோடு. "கவுந்த வள்ளத்துக்கு அடியில கெடந்தான். நெஞ்சு நொறுங்கியிருந்துச்சு. கழுத்துல கெடந்த மாதா படம் போட்ட உத்தரியக் கயித்தை வச்சுத்தான் ஆள் தெரிஞ்சுது. தண்ணி திரும்ப ஏறவும் மண்ணைத் தள்ளி மூடிட்டு ஓடியாந்துட்டேன். உன் மூஞ்சியைப் பார்த்ததும் வாய் வரல."

"பொய் சொல்ல மட்டும் வந்துச்சோ?"

அவள் ஈட்டிமுனையால் பனைகளைத் தொட்டாள்.

"இது பார்த்ததா, இட்டுக்கட்டுனதா?"

"பார்த்தது. எதுவும் அளவு பிசகாது."

"சகாயம், அந்தப் பக்கத்தை மட்டும் அறுத்து எடு."

மறுநாள் வெள்ளிக்கிழமை அந்தத் துணியை விரித்துப் பிடித்து, சுவரையும் பனைகளையும் ஒத்துப்பார்த்தபடி தனுஷ்கோடி மணலில் நடந்தார்கள். வள்ளம் போயிருந்தது, சுவரும் பனைகளும் நின்றன. அருளானந்தமும் வீங்கிய முகத்தோடு தோண்டினார். யாரும் தடுக்கவில்லை, குடிக்கத் தண்ணீரும் கொடுக்கவில்லை. இடுப்பளவு ஆழத்தில் உத்தரியம் கிடைத்தது, பிறகு எலும்புகள்.

பொதிய எவரும் துணி கொண்டுவரவில்லை. லீமாரோஸ் திரைத்துண்டை மணலில் விரித்து, இரட்டை மீனின்மேல் கணவனை அள்ளி வைத்து முடிச்சிட்டாள். பிறகு தாலியைக் கழற்றி அந்த முடிச்சுக்குள் செருகினாள்.

"நீங்க தூக்க வேணாம்ணே," என்றாள், பொதியைத் தூக்கக் குனிந்த அருளானந்தத்திடம்.