வலிக்காத கண்ணுக்கு மருந்து தேடிய அக்கா

அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இப்போதுதான் அழாமல் அவரைப் பற்றிப் பேச முடிகிறது. அதனால் தம்பியாகிய நான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கச்சிராயபாளையத்தில். அப்பா கரும்பு வெட்டுக்குப் போனவர். அக்கா கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் படித்தபோது, கரும்புத் தோகை அப்பாவின் வலக்கண்ணைக் கீறிவிட்டது. “வலியே இல்லம்மா, இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?” என்று அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பார்வை மங்கிய பிறகே காட்டினோம். முன்பு முகத்தில் வந்த அக்கி, கருவிழியின் நரம்பைக் கெடுத்திருந்ததாம். அதனால்தான் வலியும் இல்லை, புண்ணும் ஆறவில்லை என்றார் மருத்துவர். அந்தப் பார்வை திரும்பவில்லை.

வலி தெரியாத புண் ஏன் ஆறுவதில்லை? அக்கா அந்தக் கேள்வியோடு சென்னைக்குப் போய் ஆராய்ச்சியில் சேர்ந்தார். நரம்பு முனைகள் நியூரோபெப்டைடு என்ற நுண்ணிய புரதத் துணுக்குகளைச் சுரக்கின்றன. கருவிழி ஆறுவதற்கு அவையும் வேண்டும். நரம்பு கெட்டால் அவை குறையும். அவற்றையே சொட்டு மருந்தாக விட்டால் என்ன என்று எலிகளின் கண்ணில் விட்டுச் சோதித்தார். புண் வேகமாக ஆறியது. கட்டுரை வெளிவந்ததும் பாராட்டுகள் குவிந்தன.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவர் சரியாகச் சாப்பிடவில்லை. திரும்பச் சோதித்ததில், பெப்டைடு இல்லாமல், அதைக் கலக்க எடுத்த வெறும் திரவமே பாதி வேலையைச் செய்திருந்தது தெரிந்ததாம்.

“யாருக்கும் தெரியாதேக்கா, வுட்டுட்டா இன்னா?” என்றேன்.

“அத்த நம்பி நாளைக்கு ஒருத்தர் கண்ணுல ஊத்துவாங்களேடா.”

கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். “தப்புன்னு தெரிஞ்சிக்கினு இன்னா ரோசன? எழுதிடும்மா.”

அக்கா கட்டுரையைத் திரும்பப் பெற்றார். வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். சில ஆண்டுகள் கழித்து ஒரு காலை போன் செய்து சிரித்தார்: “பலன் கம்மிதான்டா. சீக்கிரமா குடுத்தாத்தான் கேக்குது. ஆனா நெசம்!”

நரம்பு கெட்ட கண்களைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டுமே என்று, கண் மருத்துவர்களோடு வெள்ளிமலை முகாம்களுக்குப் போகத் தொடங்கினார். ஒருமுறை கண் சிவந்திருந்த ஒரு பெண், “வலி ஒண்ணுமில்லீங்க” என்று கிளம்பப் பார்த்தார். மருத்துவர் பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டார். அந்தப் பெண் இமைக்கவில்லை. அக்கா அவரை அன்றே ஜீப்பில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்து வந்தார். கண் தப்பியது. அதற்கு உதவியது தம் மருந்தல்ல, வழக்கமான சிகிச்சைதான் என்று அக்காவே எல்லோரிடமும் சொன்னார்.

வயிற்றுப் புற்றுநோய் வந்தபின் கடைசி மாதங்களை எங்களோடு கழித்தார். பெரும்பாலும் நிம்மதியாகவே இருந்தார். அவரைப் பராமரித்த செவிலியர் சகோதரிக்கும், ஜெபித்த சபையாருக்கும், சோறாக்கிக் கொடுத்த தெருவாருக்கும், ஆராய்ச்சியைத் தொடரும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவு மலர் போடுவோம் என்று அக்காவுக்குத் தெரியும். “எழுதுனா உள்ளத எழுதுடா, ஜாஸ்தி போடாத” என்றார். போடவில்லை, அக்கா.