பொய் இருமல்

என் நோய் குணமான பிறகும் நான் இருமினேன். வேண்டுமென்றே இருமினேன். பெற்ற பிள்ளை கீழே காத்திருக்க, மலையை விட்டு இறங்க மனமில்லாமல் பொய்யாய் இருமினேன்!

உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். சேந்தமங்கலத்தில் எங்கள் வீடு. மகன் பிறந்த மறுவருடமே எனக்குச் சயரோகம் கண்டது. அந்நாளில் அதற்கு மருந்தேது? "புள்ளையத் தொடாதீங்கம்மா. மலைக்காத்துல இருந்து பாருங்க" என்றார் வைத்தியர். கல்யாண வயதிலிருந்த என் தங்கை நல்லம்மாள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். என்னை டோலியில் வைத்துக் கொல்லிமலைக்குத் தூக்கிப் போனார்கள்.

மலைமேல் அரியூர் நாடு என்ற ஊர்ப்பகுதியில், பொன்னாயி என்ற மலைக்காரப் பெண்ணின் தோட்டத்தில் எனக்கொரு தனிக் குடிசை. சாகத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தேன். ஆனால்... அந்த மலை!

வாசலில் கயிற்றுக்கட்டிலில் கிடப்பேன். பள்ளத்து நெல்வயலிலிருந்து மேகம் எழுந்து வரும். கட்டிலைச் சுற்றி நின்று, முகத்தை நனைத்துவிட்டுப் போகும். வெயில் வந்ததும் சாமைக்கதிர்கள் சரிவு முழுவதும் ஒன்றாய்ச் சாய்ந்து ஒன்றாய் நிமிரும். காய்ச்சலோடு பார்த்தேன், நெஞ்சுவலியோடு பார்த்தேன், ஆனாலும் வாய்விட்டுச் சிரித்தேன்! நோயாளிக்கு இத்தனை ஆனந்தம் தகுமா?

இரண்டாம் வருடம் காய்ச்சல் விட்டது. எழுந்து நடந்தேன். பலாமரங்களில் பற்றி ஏறிய மிளகுக்கொடிகளைத் தொட்டுக்கொண்டே ஓடைக்குப் போய், முழங்காலளவு நீரில் நின்றேன். நெஞ்சின் அடிவரை மூச்சு போயிற்று... அடுப்படியும் கிணற்றடியுமாய் வளர்ந்த எனக்கு அந்த விசாலம் போதவேயில்லை!

மழை தொடங்குமுன் என் கணவர் டோலிக்காரர்களோடு வந்தார்.

"மொகம் தெளிஞ்சிருக்குதே! ஊட்டுக்குப் போலாமா? பையன் பேச ஆரம்பிச்சுட்டான்."

அவருக்குப் பின்னால் சரிவெல்லாம் பச்சையாய்க் கிடந்தது. நான் முந்தானையை வாயில் வைத்தேன். இருமினேன்... நீளமாய், பழைய இருமலைப் போலவே.

அவர் கண்கள் கலங்கிவிட்டன. "செரி... இன்னுங் கொஞ்ச நாள் இருந்துக்க." தனியே இறங்கிப் போனார்.

"ஏனுங்கம்மா, நீங்க இருமியே ரொம்ப நாளாச்சுங்களே?" என்றாள் பொன்னாயி. நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு நடந்தேன். அவளும் பிறகு கேட்கவில்லை.

அந்த மழையையும், அதன்பின் வந்த அறுவடையையும் ஒரு பொய்யால் வாங்கினேன். அதைவிட மகிழ்ச்சியாய் நான் என்றுமே இருந்ததில்லை! இதைத்தான் எனக்கே சொல்லிக்கொள்ள வெட்கமாயிருக்கிறது.

ஒருவழியாய் இறங்கி வந்தபோது, மகன் நல்லம்மாளின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"கண்ணு, இவங்கதான் உங்கம்மா" என்றாள் அவள்.

"இல்ல. நீதான் அம்மா. இவங்க பெரியம்மா."

பிள்ளையை விட்டுவர முடியாமல் நல்லம்மாள் என்னை எதிர்பார்த்துக் காத்திருந்த அந்த வருடத்தில், அவளைப் பெண் பார்த்துப் போன வீட்டார் வேறிடத்தில் சம்பந்தம் முடித்துக்கொண்டார்கள். பிறகு அவளுக்கு எதுவும் அமையவில்லை. அது என்னால்தானே? வேறு யாரால்?

இன்றும் அவள் எங்களோடுதான் இருக்கிறாள். வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையாய்ச் சொல்வாள்: "எங்கக்கா செத்துப் பொழச்சு வந்தவங்க!"

சொல்லும்போதே என் கையைப் பிடித்துக்கொள்வாள். நான் கையை இழுத்துக்கொள்வதில்லை.