முதல் வாய்ச் சோறு

எங்கள் வீட்டில் அப்பாவின் வயிற்றுக்குத் தனி மரியாதை இருந்தது. அது காலையில் என்ன சொல்கிறதோ அதன்படிதான் அன்றைய பொழுது நடக்கும்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அப்பா ரப்பர்ப் பால் ஏற்றும் லோரி ஓட்டினார். எழுபதுகளின் கடைசி அது. நான் இரண்டாம் வகுப்புப் படித்தபோது அவருக்கு அந்த வலி தொடங்கியது. விடிந்ததும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னாலிருந்த கக்கூசுக்கு ஓடுவார். வந்து உட்கார்ந்த சூடு ஆறுமுன் மறுபடி ஓடுவார். வேறு சில நாள்களில் ஒன்றும் போகாமல் வயிறு உப்பிக்கொண்டு கிடப்பார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் கொடுத்த வெள்ளை மருந்து போத்தல் போத்தலாகக் காலியானது. லயத்துப் பையன்கள் அப்பாவுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அதை எழுத எனக்கு இன்றும் மனம் வரவில்லை.

செய்தி கேட்டு சித்தியவானிலிருந்து அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. அத்தைக்கு ஆளைப் பார்த்தாலே போதும், நோயும் தெரிந்துவிடும், அதைக் கொடுத்தவர் யார் என்பதும் தெரிந்துவிடும்.

“தம்பி, இது நோயில்லலா. ஒனக்கு யாரோ சாப்பாட்டுல மருந்து வச்சிட்டாங்க.”

ஓர் ஆளைக் கைக்குள் போட்டுக்கொள்ள எதையாவது சோற்றில் கலந்து கொடுப்பார்கள், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும் என்று எங்கள் மனிதர்கள் நம்பினார்கள். அத்தை யாரோ என்றுதான் சொன்னார். ஆனால் அப்பாவுக்குச் சோறு போடும் கை வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அம்மா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றுபோனது.

மறுநாளே, அப்படி வயிற்றில் வைத்த மருந்தை எடுக்கும் ஓர் அம்மாளிடம் போனோம். அந்த அம்மாள் அப்பாவின் தொப்புளில் ஒரு குழலை வைத்து உறிஞ்சிக் கிண்ணத்தில் துப்பினார். கறுப்பாக ஏதோ விழுந்தது. அதில் நீளமாக ஒரு முடி சுருண்டு கிடந்தது.

“பாரு தம்பி, பொம்பள முடி,” என்றார் அத்தை.

அம்மாவின் முடி அவ்வப்போது சோற்றில் விழும். அது எனக்கே தெரியும். அதற்கு ஏன் எல்லாரும் இப்படி முகம் செத்துப்போய் நிற்கிறார்கள் என்று நினைத்தேன்.

கொடுமை என்னவென்றால், அதன் பிறகு அப்பாவுக்கு வலி விட்டது. கொஞ்ச நாள்தான். ஆனால் அம்மாவைக் குற்றவாளி ஆக்க அந்தக் கொஞ்ச நாள் போதுமாக இருந்தது. அப்பா வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினார். அம்மா தட்டு வைத்தால், “கடையிலயே பசியாறிட்டேன்” என்பார். அம்மா அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்தே முதல் வாய் எடுத்து மென்று விழுங்கிக் காட்டுவார். உப்புப் பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்தச் சோறு எனக்கு வரும். அம்மா சாப்பிட்டாரா என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

வலி திரும்பி வந்தது. இந்த முறை கடைச் சோற்றிலேயே வந்தது. அத்தை அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்: வைத்த மருந்தின் வேர் உள்ளேயே நின்றுவிட்டதாம். டிரெசர்தான் கோபப்பட்டு அப்பாவை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ரத்தம் எடுத்தார்கள், மலம் சோதித்தார்கள், குடலுக்குள் சுண்ணாம்புத் தண்ணீர் போல எதையோ ஏற்றிப் படம் பிடித்தார்கள். முடிவு கேட்க அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். டாக்டர் சிலோன்காரத் தமிழ்ப் பெண்.

“எல்லாம் பார்த்தாச்சு. புண் இல்லை, கட்டி இல்லை. உள்ளுக்க ஒண்டும் இல்லை.”

அப்பாவின் முகம் சிவந்தது. “அப்ப நான் பொய் சொல்றேனா டாக்டர்?”

“வலி பொய் இல்லை. குடலுக்கும் மூளைக்கும் நரம்பால தொடர்பு இருக்கு. நீங்க பதறினா உங்கட குடல் கூடுதலாப் பதறுது. இது எப்ப தொடங்கினது?”

அப்பா யோசித்தார். “தோட்டத்த விக்கப் போறாங்கன்னு பேச்சு வந்திச்சே, அப்பத்தான்.”

டாக்டர் தலையசைத்தார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வந்து வந்துதான் போகும் என்றார். உறைப்பையும் தேங்காய்ப் பாலையும் குறைக்க வேண்டும், வெறும் வயிற்றில் கோப்பி கூடாது, நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கவனித்து அதை விட வேண்டும்.

அதுவரை சுவரோரம் நின்ற அம்மா முன்னால் வந்தார்.

“டாக்டர், யாராச்சும் சோத்துல எதையாச்சும் கலந்து, அது உள்ள ஒட்டியிருந்தா...”

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

“அப்பிடி ஒண்டும் இல்லை.”

“இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர். அவருக்குக் கேக்கணும்.”

டாக்டர் சொன்னார், சத்தமாகவே. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் ஏன் அழ வேண்டும்? எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வலி அப்பாவை முழுதாக விட்டுப் போகவில்லை. தோட்டம் விற்கப்பட்டபோதும், நாங்கள் ஈப்போவுக்குக் குடிமாறியபோதும் வந்தது. டாக்டர் சொன்ன ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாமல், கோவக்காரக் குடல் என்று அப்பாவே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார். அத்தை கடைசிவரை தன் பேச்சைத் திரும்பப் பெறவில்லை.

ஆஸ்பத்திரியில் முடிவு கேட்டுத் திரும்பிய அன்று சாயங்காலம், அம்மா குழைய வடித்த சோற்றில் மிளகாய் போடாத ரசம் ஊற்றி அப்பா முன் வைத்தார். அப்பா எழுந்து போகவில்லை. அம்மா பழக்கத்தில் எதிரே உட்கார்ந்து முதல் வாய் எடுக்கக் கையை நீட்டினார்.

அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம்லா,” என்றார். முதல் வாயைத் தானே அள்ளிப் போட்டுக்கொண்டார்.

பாவம், அப்பாவுக்கு அவ்வளவு பசி, ஒரு வாய் கூடக் கொடுக்க மனமில்லை என்று நான் நினைத்தேன்.